சின்னதே போதும்

"சின்னதே போதுங்க. நம்ம கைப்பைக்குள்ளயே அடங்கிப் போகும்," என்றாள் நசீம், உள்ளங்கை அளவு டிஜிட்டல் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி.

அவள் கணவர் ராஜா முகம்மது அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடி அலமாரிக்குள் நீண்ட லென்ஸோடு கறுப்பாக உட்கார்ந்திருந்த பெரிய டி.எஸ்.எல்.ஆர். கேமரா மேலேயே அவர் கண் இருந்தது.

தேனியில் அந்தக் கேமராக் கடைக்குள் இருவரும் நுழைந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. உத்தமபாளையத்தில் அவர்களுடைய ஸ்டூடியோ ஒரு வருடமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. இரண்டாயிரத்து எட்டில் ஊரே டிஜிட்டலுக்கு மாறியிருக்க, இவர் மட்டும் பிலிம் ரோலைக் கட்டிக்கொண்டு அழுதார். இந்த நேரத்தில்தான் கம்பத்து ஏலக்காய் வியாபாரி நத்தர்ஷா வீட்டுக் கல்யாணம் கைக்கு வந்திருந்தது. அது நன்றாக அமைந்தால் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கப் பேர் பரவும். சொதப்பினால் கடையைப் பூட்டிவிட்டு வேறு பிழைப்பு பார்க்க வேண்டியதுதான். இரண்டு கேமரா வாங்க வசதியில்லை. ஒன்றுதான்.

கடைக்காரர் அமல்ராஜும் நசீம் பக்கமே பேசினார். சின்னதில் வீடியோ எடுக்கலாம், எடையே தெரியாது, பட்டனை அழுத்தினால் போதும் என்றார். நசீம் விடவில்லை. பெரியதைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் கழுத்து வலிக்கும், லென்ஸில் தூசி படியும், அதைப் பழகுவதற்குள் கல்யாணமே முடிந்துவிடும் என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

அவள் அடுக்க அடுக்க ராஜா முகம்மதுவுக்கு வீம்பு ஏறியது. மற்றபடி தங்கமான மனுஷர். ஆனால் கல்யாணமான இந்தப் பன்னிரண்டு வருடத்தில் மனைவி சொன்ன எதற்கும் அவர் சரி என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. ஸ்டூடியோச் சுவருக்கு அவள் நீலம் என்றாள், ரோஸ் அடித்தார். மெயின் ரோட்டில் வீடு பார்க்கச் சொன்னாள், பள்ளிவாசல் தெருவில் பிடித்தார்.

"இம்புட்டூண்டு டப்பாவை நீட்டுனா கல்யாண வீட்ல எவன் மதிப்பான்? மாப்பிள்ளையோட கூட்டாளிக கையிலயே இந்த மாதிரி நாலு இருக்கும்," என்றார்.

"பொம்பளைக பக்கம் நான் எடுக்கறதுக்கும் இதுதான் தோது. சல்மாக்கா சொல்லியிருக்காகல்ல," என்றாள் நசீம்.

சல்மா, நத்தர்ஷாவின் மனைவி, மணப்பெண்ணின் தாய். அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் மண்டபத்துக்குள் ஆண் போட்டோக்காரர் நுழைய முடியாது. பிலிம் காலத்தில் நசீம் எடுக்கிறேன் என்றால்கூட விடமாட்டார்கள். லேப்பில் யாரோ ஆண்கள் பிலிமைக் கழுவிப் பார்ப்பார்களே என்ற கூச்சம். டிஜிட்டல் என்று கேள்விப்பட்டதும், நீயே எடுத்து நீயே கம்ப்யூட்டரில் போட்டு ஆல்பம் பண்ணிக் கொடு என்று சல்மா நசீமுக்குப் போன் போட்டிருந்தார். ராஜா முகம்மதுவைப் பொறுத்தவரை அது ஓரமாகக் கிடக்கிற சில்லறை வேலை.

"நீ எடுக்கப் போறது பத்துப் படம். நிக்காஹ எடுக்கப் போறது நானு," என்றவர் அமல்ராஜ் பக்கம் திரும்பினார். "பெருசுக்கே பில் போடுங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் நசீம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சின்னமனூர் தாண்டும்போது, முக்காட்டுக்குள் அவள் தோள் குலுங்குவதைப் பார்த்தார். அழுகிறாளோ என்று அவருக்கு மனசு சங்கடமாகிவிட்டது. இறங்கியதும் அவளுக்குப் பிடித்த பால்பன் ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். அதற்கப்புறம் அவள் பழகிப் பார்க்கிறேன் என்று பெரிய கேமராவை எடுத்தபோதெல்லாம் அவர் தடுக்கவில்லை.

கல்யாணத்தன்று கழுத்தில் கேமராவோடு அவர் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் பள்ளிவாசல் ஹஜ்ரத் ஓதி, மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டு, எல்லாம் இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆண்கள் அத்தனை பேரும் பிரியாணிக்குப் போய்விட்டார்கள். வெறும் நாற்காலிகளை எவ்வளவு நேரம் படம் எடுப்பது? அப்போது பெண்கள் மண்டபத்துத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து நசீமின் கை மட்டும் நீண்டது.

"இங்கன கொடுங்க."

கொடுத்தார். போன கேமரா சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை திரும்பவில்லை. மணப்பெண்ணுக்குக் கருகமணி கட்டியது, மருதாணிக் கை, நகை, சீர்த்தட்டு, சொந்தக்காரப் பெண்கள் என்று உள்ளே மட்டும் நானூறு படங்கள்.

ஆல்பம் போய்ச் சேர்ந்த மறுநாளே ஸ்டூடியோவுக்கு சல்மாவின் போன் வந்தது. ஆல்பத்தைப் பார்த்த மூன்று வீட்டுக்காரர்கள் தங்கள் கல்யாணத்துக்கும் நசீம்தான் வர வேண்டும், அந்தப் பெரிய கேமராவோடு வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். ராஜா முகம்மதுவுக்குத் தலைகால் புரியவில்லை. கடை பிழைத்துவிட்டது. நசீமோ, பெண்கள் படம் அவர் கண்ணில் படாதபடி கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்துக்கொண்டு வேலையில் இருந்தாள்.

"பாத்தியா? அன்னைக்கு உன் பேச்சைக் கேட்டுச் சின்னதை வாங்கியிருந்தா இந்தப் பேரு வந்திருக்குமா?" என்று மார்தட்டினார்.

"வந்திருக்காது. அதுக்குத்தான சின்னது வேணும்னு ஒத்தக்கால்ல நின்னேன்," என்றாள் நசீம், மவுஸிலிருந்து கையை எடுக்காமல்.

ராஜா முகம்மது அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார். பஸ்ஸில் குலுங்கிய அதே தோள் இப்போதும் குலுங்கியது. இந்தத் தடவை சிரிப்புச் சத்தமும் கேட்டது. அவர் பார்வை மெல்ல நகர்ந்து, தான் ரோஸ் அடித்த ஸ்டூடியோச் சுவருக்குப் போனது.

"எனக்கு நீலக் கலரே பிடிக்காதுங்க," என்றாள் நசீம்.