பச்சை உடம்பு

மதியச் சாப்பாடு முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் நடைமேடைக்கு வந்தார் பேருந்து நிலைய மேலாளர். அங்கே பெஞ்சில் ஒரு பெண் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவருக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

"நாலு பேர் வந்து போற இடத்துல இப்படியா? பால் கொடுக்கன்னே தனி ரூம் கட்டியிருக்கோமே, போர்டு கண்ணுக்குத் தெரியலையாம்மா?"

"அங்கதான் சார் முதல்ல போனேன். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. ஒரே குறட்டைச் சத்தம். பாவம், யாரோ பச்சை உடம்புக்காரி அசந்து தூங்குறா, எழுப்ப வேண்டாம்னு வந்துட்டேன்."

மேலாளர் தன் கன்னத்தில் பதிந்திருந்த பாய்க் கோடுகளைத் தடவினார். குனிந்து தன் தொப்பையைப் பார்த்தார்.

"அந்தப் பச்சை உடம்புக்காரி நான்தாம்மா. எழுந்தாச்சு, நீங்க உள்ளே போங்க."