குளத்தோரக் குளியலறை

“ஆன்ட்டி, வெளிய போகட்டுமா?”

இருபது வருடங்களுக்கு முன், நீச்சல் குளத்தருகே விளையாடிய பக்கத்து வீட்டுச் சிறுமி கேட்டாள்.

“தாராளமா போம்மா, கேட் திறந்துதான் இருக்கு” என்றாள் வீட்டுக்கார அம்மா.

கழிவறைக்குப் போகத்தான் கேட்டாள் என்பது, குழந்தை உடையை நனைத்துக்கொண்டு அழுதபடி ஓடிய பிறகே புரிந்தது. அப்புறம் அவள் வரவேயில்லை. அந்தக் குடும்பமும் வீடு மாறிப் போய்விட்டது.

இப்போது குளத்தோரம் குளியலறை கட்டுவதற்கான செலவுப் பட்டியலைப் பார்த்து வீட்டுக்காரர் மலைத்தார்.

“ஏம்மா இன்ஜினியர், ஷவர் மட்டும் வெச்சா பாதிச் செலவு மிச்சம். இதுல நீந்துறதே நாலு தவளைங்க. அதுங்களுக்கு எதுக்கு டாய்லெட்?”

“நீங்க சும்மா இருங்க” என்றாள் மனைவி. “ஷவர் இல்லாட்டியும் பரவாயில்ல, டாய்லெட் வேணும். பிள்ளை இல்லாத இந்த வீட்டுக்கு ஆசையா வந்த ஒரே குழந்தை அவ. என்னைக்காவது வந்தா, மறுபடியும் தவிச்சுப் போகக் கூடாது.”

இன்ஜினியர் பெண் தலை நிமிரவில்லை. “சாதாரண டைல்ஸ் போட்டா ரெண்டும் குறைஞ்ச செலவுக்குள்ள அடங்கிடும்மா” என்றாள்.

வேலை முடிந்த நாளில், தம்பதியர் மருந்துக் கடைக்குப் போயிருந்தார்கள். இன்ஜினியர் பெண் தனியாகப் புதுக் குளியலறைக்குள் நுழைந்து தாழிட்டாள்.

அன்று அழுதுகொண்டு ஓடிய சிறுமி அவள்தான். அந்த வெட்கம்தான் இத்தனை நாளும் அவளை வாய் திறக்க விடவில்லை.

சற்று நேரத்தில் கைகழுவிக்கொண்டு, மனம் லேசாகி வெளியே வந்தாள். பழைய கடன் தீர்ந்ததற்குக் கடவுளைத் தவிர சாட்சி இல்லை.

சாவியோடு வாசற்படியில் உட்கார்ந்து, ஆன்ட்டிக்காகக் காத்திருந்தாள்.