அம்பு இறங்காத கவசம்

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் காளியண்ணனும் மனைவி கலாவதியும் தாங்களே உண்டாக்கிய விளையாட்டில் மூழ்கியிருந்தார்கள். அவள் கதை சொல்வாள். அவன் தாயக்கட்டை உருட்டி, கதையில் வரும் வீரனை நடத்துவான். வீரன் சேர்வராயன் மலை உச்சிக்குப் போய்விட்டால் காளியண்ணனுக்கு ஜெயம். இல்லாவிட்டால் தீபாவளிக்கு மாரமங்கலத்தில் மாமியார் வீடு.

"என்ர வீரனுக்குப் புதுசா கவசம் செஞ்சிருக்கேன். தலையிலிருந்து கால் வரைக்கும் இரும்பு. அம்பு, வாளு எதுவும் இறங்காது. கையில கேடயம் வேற," என்றான்.

"ஏனுங்க, அப்புறம் நான் எதுக்குக் கதை சொல்லோணும்? இத்தனை பலம் இருந்தா ஒரு குறையும் இருக்கோணும். அப்பத்தானுங்க ஆட்டம்."

"சரி புள்ள. போட அரை நாளு, கழட்ட அரை நாளு. போதுமா?"

கழற்ற வேண்டிய தேவையே வராது என்ற தெம்பு அவனுக்கு.

"நொம்ப சரிங்க. எந்த மாசம் மலை ஏறறான்?"

"இந்த மாசமே ஏறட்டும்! எதிரி யாரு? ராட்சசனா, புலியா?"

"அதெல்லாம் இல்லீங்க. காப்பித் தோட்டத்து வழியா வரான். கணுக்கால்ல இரும்பு மடங்கற சந்துல, மழைக்கு வந்த ரத்தம் குடிக்கற அட்டை ஒண்ணு உள்ள போயிருச்சு. பின்னாலயே இன்னும் நாலு."

காளியண்ணனின் கை தானாகத் தன் கணுக்காலுக்குப் போனது.

"அட்டைதானுங்களே! கவசத்தைக் கழட்டிப் பிடுங்கிப் போடச் சொல்லுங்க. அரை நாள்தானுங்க," என்றாள் கலாவதி.

காலையில் தோட்டத்தில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டே அவன் தாயக்கட்டையைக் கீழே வைத்தான்.

"மாரமங்கலத்துக்கு மொத பஸ் எத்தனை மணிக்கு?"