போட்டோவுக்கு நிமிர்ந்த எறும்புகள்

வெள்ளைச் சுவரின் நடுவில் ஒரு பல்லி குடியிருந்தது. அதன் வாய்க்கு எட்டாமல், நன்றாக வளைந்து சுற்றித்தான் எறும்புகள் வெல்லம் சுமந்து போகும். மையால் இழுத்த மாதிரி இருந்த அந்த வளைவுக்காகவே ஒருவர் கேமராவோடு வந்து சுவர் முன்னால் மண்டி போட்டார்.

முதலில் போன எறும்பு பதறிவிட்டது. "போட்டோ எடுக்கறாங்கப்பா! என்ன இது, கோணல்மாணலா? எல்லாரும் நேரா நில்லுங்க!"

"அண்ணே, நேரா நின்னா பல்லி வாய்க்கு முன்னாலயில்ல நிக்கணும்?" என்றது பின்னால் வந்த எறும்பு.

"போட்டோ எடுக்கும்போது யாராவது கடிப்பாங்களா? வயித்தை எக்கு!"

"நீங்க தாராளமா நில்லுங்க. நான் அசையவே மாட்டேன்" என்றது பல்லி.

எறும்புகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றன. "ஐயையோ, வளைவு போச்சே!" என்று கேமராக்காரர் அலறுவதற்குள் அவர் விரல் அழுத்திவிட்டது.

படத்தில் கோடு ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி விழுந்திருந்தது. நடுவில் மட்டும் நாலு எறும்புக்கான இடம் காலி. பக்கத்தில், சொன்னபடி துளியும் அசையாமல், கன்னம் உப்பப் போஸ் கொடுத்துக்கொண்டிருந்தது பல்லி.