மகாராணியைப் பார்க்க வந்த டாக்டர்

மகாராணி சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தாள். தலைக்குக் குஷன், முகத்துக்கு நேரே மின்விசிறி. பாவம், இருதயம் பலவீனமாம்! டாக்டரே வீடு தேடி வந்துகொண்டிருந்தார்.

“ஒரு நாய்க்கு வந்த வாழ்வைப் பாரேன்!” மாமனாருக்குப் பொறுக்கவில்லை. “நான் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தா ஒரு சோடா. இவ கொட்டாவி விட்டா ஒரு டாக்டரா?”

“உங்களைக் கூட்டிட்டுப் போகாமலா இருந்தோம் மாமா?” மருமகளும் விடவில்லை. “ஆஸ்பத்திரி போர்டைப் பார்த்ததும் ஆட்டோவுல இருந்து குதிச்சு ஓடுனது யாரு? மகாராணி ஓடுறாளா? சமர்த்தாப் படுத்திருக்கா பாருங்க.”

மாமனார் வாயை மூடிக்கொண்டார். கண்ணை மூடவில்லை.

ஆயுசு முழுக்க ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்த கண் அது. டிக்கெட் இல்லாதவன் கழிவறைக்குள் ஒளிந்திருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவார். அவருக்கு இந்த டாக்டரை முதல் நாளே பிடிக்கவில்லை.

பின்னே என்ன? நாய் டாக்டர் என்கிறார், சட்டையில் ஒரு நாய் முடி இல்லை. மகாராணி ஆசையாக நக்கப் போனால் மனுஷன் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொள்கிறார். அவள் மாமனார் மடியில் அடங்கி உட்கார்ந்தால்தான் பக்கத்திலேயே வருவார்.

அழைப்பு மணி அடித்தது.

“பையன் எப்படி இருக்கான்?” என்று கேட்டுக்கொண்டே டாக்டர் உள்ளே வந்தார்.

பையனா? மகாராணி பெண் என்பது பால் போடுகிறவருக்குக்கூடத் தெரியும். மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டு அவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

“மிஷினைப் பார்த்தா மிரளுவான். வழக்கம்போல முதல்ல உங்க கையில கட்டிக் காட்டிடுறேன்” என்று டாக்டர் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். மகாராணியோ எப்போதோ தூங்கிப்போயிருந்தாள். அவள் முறை வந்ததும் காதில் மாட்டியிருந்த குழாயை அவள் நெஞ்சுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, “ம்ம்... பரவாயில்ல” என்றார்.

ஒரு சாண் தூரத்திலிருந்து இருதயம் கேட்குமா? மாமனார் மகாராணியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். வாய் என்னதான் திட்டினாலும் அவர் தட்டில் பாதி அவளுக்குத்தான் போகும். வீட்டில் அவர் பேச்சை எதிர்த்துப் பேசாமல் கேட்கிற ஒரே ஜீவனும் அவள்தான்.

“உங்க தட்டுலதானே சாப்பிடுறான்? அந்தத் தட்டுல உப்பைக் குறைங்க. நடக்கக் கூட்டிட்டுப் போறதை விட்டுடாதீங்க” என்ற டாக்டர், பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். “இன்னையிலிருந்து இந்த மாத்திரையும் வேணும்.”

அவ்வளவுதான்! மாமனார் அவர் மணிக்கட்டை லபக்கென்று பிடித்தார். ஓடும் ரயிலில் பிடித்த அதே பிடி.

“நில்லுய்யா! ஆணா பொண்ணான்னு தெரியல, தொட்டுப் பார்க்கத் தைரியம் இல்ல, மாத்திரை மட்டும் கொடுப்பியா? இதைத் தின்னு என் குழந்தைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீயா பதில் சொல்லுவ? உண்மையைச் சொல்லு, நீ நாய் டாக்டரே இல்ல!”

டாக்டர் திருதிருவென்று விழித்தார். மருமகளைப் பார்த்தார்.

“இனிமே மறைச்சு என்ன பிரயோஜனம், சொல்லிடுங்க” என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் மாத்திரை அட்டையை மாமனார் பக்கம் நீட்டினார்.

“ஆமாங்க பெரியவரே, நான் மனுஷங்களைப் பார்க்குற இருதய டாக்டர்.”