பெருந்தவளை

பங்கு பிரித்து நடுவில் சுவர் எழுப்பிய பிறகும் சத்தத்தைப் பிரிக்க முடியவில்லை. சாயங்காலமானால் கொழுந்தன் வீட்டுத் தொட்டியில் பெருந்தவளை, கன்றைக் காணாத மாடுபோல் கத்தும். மயிலாத்தாளின் புருசன் ராசப்பன் சுவரோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "என்ன குரல் பாத்தியா புள்ள!" என்பார். அவளுக்கு வயிறு எரியும். அவள் தொட்டியிலும் தவளைகள் இருந்தன. எல்லாம் கட்டைவிரல் அளவு, கீச்சுக் குரல். கொழுந்தனும் ஓரகத்தியும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த மதியம், பெருந்தவளையைக் கூடையால் அமுக்கிப் பிடித்து, முந்தானையில் மூடிக் கொண்டுவந்து தன் தொட்டியில் விட்டாள். அது கத்தவேயில்லை. கீச்சுகள்தான் ஒவ்வொன்றாக அடங்கின. அடுத்த மழைக்குச் சுவருக்கு அந்தப்புறம், பெருந்தவளை போன தைரியத்தில், குட்டித் தவளைகள் கூட்டமாகக் கத்தத் தொடங்கின. "நம்ம தொட்டிச் சத்தமெல்லாம் எங்க போச்சு புள்ள? அதக் கேட்டாத்தான எனக்குக் கண்ணசரும்" என்றார் ராசப்பன். "எனக்கென்னங்க தெரியும்?" என்றாள். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் சுவரோரம் போனார். மயிலாத்தாள் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பெருந்தவளை, பிதுங்கிய கண்களால் அவளையே பார்த்தது. அதன் வாயோரத்தில் ஒரு சின்னக் கால் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.