உள்ளே: ஒருவர்

"அண்ணே, பாத்ரூம் பாத்தாச்சா? மாடிப்படிக்குக் கீழ?" மையத்தின் பொறுப்பாளரான அவள் கேரம் மேசைக்கு அடியில் குனிந்து எட்டிப் பார்த்தாள். தூசியும் ஒரு கறுப்புக் காயும்தான் கிடந்தன.

"யாரும் இல்ல மேடம்," என்றார் வாட்ச்மேன். நின்ற இடத்தை விட்டு அவர் அசையவே இல்லை.

வாசலில் மாட்டியிருந்த திரை மட்டும் ஒரே பிடியாக நின்றது. 'உள்ளே: 1'. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்குச் சமூக மையத்தை மூடியாக வேண்டும். ஓர் ஆளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனால் யார் பதில் சொல்வது?

வருகிறவர்கள் வாசலில் கார்டு வைத்துவிட்டு உள்ளே வர வேண்டும், போகும்போதும் வைக்க வேண்டும். அந்த எண்ணிக்கையைத் தெருக்காரர்களின் போனுக்கும் தெரியும்படி செய்தது இவள்தான், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே. கேரம் ஆட ஆள் இருக்கிறதா, தையல் வகுப்பு ஆரம்பித்துவிட்டதா என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஒரே மாதத்தில் ஈயாடிக் கிடந்த இடத்தில் உட்கார நாற்காலி இல்லை.

போனில் ஹலோ சொல்வதைத் தவிர வேறெதுவும் தெரியாத வாட்ச்மேன்கூட யாரையோ கெஞ்சி அந்த ஆப்பைப் போட்டு வாங்கிக்கொண்டார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திறந்து பார்ப்பார். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பெருமை தாங்காது.

மற்ற நாட்களில் அவள் முன்னதாகவே கிளம்பிவிடுவாள், பூட்டுவது அவர் பொறுப்பு. இன்று நின்றதற்குக் காரணம், நாளைக் காலையில் கமிட்டி வருகிறது. எண்ணிக்கை ஒன்று பிசகினாலும் போதும், "பேசாம பழைய நோட்டுக்கே போயிடலாம்" என்று தலைவர் ஆரம்பித்துவிடுவார். அவள் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும்.

"பின்பக்க கேட் வழியா யாராச்சும் போயிருப்பாங்களோ?"

"அது எப்பவும் பூட்டியேதான் இருக்கும் மேடம். நீங்க வர்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை திறந்தோம். வண்டி தையல் ரூம் வரைக்கும் வரணும்னு."

தையல் மெஷின் கொண்டுவந்த வண்டியாக இருக்கும் என்று அவளே நினைத்துக்கொண்டாள். டேப்லெட்டில் வருகைப் பட்டியலைத் திறந்து, விரலால் தள்ளித் தள்ளிப் போனாள். சட்டென்று சிரித்துவிட்டாள்.

"அட, இங்க பாருங்கண்ணே! உறுப்பினர் நாப்பத்தொண்ணு, தையல் வகுப்பு. அஞ்சு மாசம் முன்னாடி ஒரு செவ்வாக்கிழமை வந்திருக்காங்க. போறப்ப கார்டு வெக்கல. நான் வர்றதுக்கு முன்னாடியே நடந்த கூத்து! அன்னிலேர்ந்து இந்தப் பொட்டி அந்தம்மாவை உள்ளயே உக்கார வெச்சிருக்கு!"

வாட்ச்மேன் சிரிக்கவில்லை. "அது பாட்டுக்கு இருக்கட்டுமே மேடம். யாருக்கு என்ன தொந்தரவு?"

"நல்லா சொன்னீங்க போங்க! நாளைக்குக் கமிட்டி முன்னால என் மானம் போகணுமா?"

"அவங்க வந்து பாத்துட்டுப் போகட்டும். அப்புறமா மாத்திக்கலாம். ஒரு நாள்தான் மேடம்..." அவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டார்.

பாவம், காலையிலிருந்து நின்ற களைப்பு, பசி வேறு என்று அவளுக்குத் தோன்றியது. இதற்கு மேலும் அவரை நிறுத்திவைப்பது பாவம் என்று, நாற்பத்தொன்றுக்கு நேராக இருந்த 'வெளியேறினார்' பொத்தானைத் தொட்டாள்.

திரை ஒருமுறை இமைத்தது. 'உள்ளே: 0'.

வாட்ச்மேன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். சட்டை நுனியால் திரையைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"அப்பாடா, தலைவலி விட்டுது!" கைப்பையை மாட்டிக்கொண்டு வாசல் படியில் இறங்கினாள். நெஞ்சு லேசாகி இருந்தது. திரும்பிப் பார்த்தால், அவர் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவைப் பூட்டாமலே நின்றார்.

"பூட்டிட்டுச் சீக்கிரம் வீட்டுக்குப் போங்கண்ணே. அண்ணி சாப்பிடாம காத்துக்கிட்டிருப்பாங்க."

அவர் வெறும் கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்ல யாரும் இல்ல மேடம். அவ இங்கதான் இருந்தா."